7/10 என்று அடித்தால் தேதி ஆகிறதா? நிறுத்தும் வழிகள்

நாற்பது பேரின் தேர்வு மதிப்பெண்களை லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் (வேர்டு மாதிரியான இலவச மென்பொருள்) ஒரு அட்டவணையாக அடித்துக்கொண்டிருந்தேன். முதல் ஆளுக்கு 7/10 என்று அடித்து, டேப் விசையைத் தட்டி அடுத்த கட்டத்துக்குப் போனால், விட்டுவந்த கட்டத்தில் 07/10/24 என்று உட்கார்ந்திருக்கிறது. கை தவறியிருக்கும் என்று நினைத்துத் திரும்பிப் போய் அழித்துவிட்டு மறுபடி அடித்தேன், மறுபடியும் அதே 07/10/24. பக்கத்துப் பத்தி இருபதுக்கு வைத்த தேர்வு. அதில் இன்னும் வேடிக்கை: 11/20, 12/20 வாங்கியவர்கள் எல்லாம் நவம்பர், டிசம்பர் என்று தேதியாகிவிட்டார்கள், 13/20, 18/20 வாங்கியவர்கள் அப்படியே இருந்தார்கள். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் புரிந்தது, பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லையே, அதனால்தான் அவர்கள் தப்பித்தார்கள்.

அந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மென்பொருள் நீங்கள் அடித்ததை எழுத்தாகப் பார்க்கவில்லை, "இது தேதியாக இருக்குமோ" என்று ஒரு அச்சில் பொருத்திப் பார்க்கிறது, பொருந்தினால் மாற்றிவிடுகிறது. பொருந்தாவிட்டால் சும்மா விட்டுவிடுகிறது. ஆனால் எல்லா இடத்திலும் இதே காரணம் இல்லை. தேதி விஷயத்தில் நம்மைப் படுத்துகிற அம்சங்கள் நான்கைந்து இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச் வேறு வேறு இடத்தில் இருக்கிறது, ஒன்றை அணைத்தால் இன்னொன்று அடங்காது. இணையத்தில் தேடி, யாரோ சொன்ன டிக்கை எடுத்துவிட்டு, "எனக்கு வேலை செய்யவில்லை" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் தவறான சுவிட்சைத்தான் அணைத்திருப்பார்கள். நானும் அப்படி ஒரு முழு மாலையை வீணாக்கியிருக்கிறேன்.

அதனால் முதலில் எது என்று கண்டுபிடியுங்கள்

அட்டவணைக் கட்டத்தை விட்டு வெளியே வந்த அந்த நொடியில் மாறுகிறதா? மாறியது கட்டத்தின் வலது பக்கம், கீழ் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொள்கிறதா? அப்படியானால் அது ரைட்டரின் எண் அறிதல் வசதி. அடித்த அன்று சரியாக இருந்த தேதி, நாளை திறந்தால் நாளைய தேதியாக இருக்கிறதா? அது ஃபீல்டு, அதாவது மென்பொருள் தானே நிரப்பிக்கொள்ளும் இடம். அதன் மேல் ஒரு கிளிக் செய்து பாருங்கள், பின்னால் சாம்பல் நிறம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அடித்துக்கொண்டிருக்கும்போதே, இடைவெளி விசையைத் தட்டியதும் உருமாறினால் அது ஆட்டோகரெக்ட் வகையறா. எழுதி முடிக்கும் முன்பே மேலே ஒரு சின்ன மஞ்சள் பெட்டி எட்டிப் பார்த்து மாதப் பெயரைச் சொல்லிக் கொடுத்தால் அது ஆட்டோகம்ப்ளீட். நீங்கள் அடிக்கவே இல்லை, எங்கிருந்தோ ஒட்டியதுதான் என்றால், கோளாறு ஒட்டிய இடத்தில் இல்லை, எடுத்த இடத்தில்.

மெனுப் பெயர்களை ஆங்கில இடைமுகத்தில் எப்படி வருமோ அப்படியே சொல்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு ஒன்றிரண்டு சொற்கள் மாறியிருக்கலாம், தேடும் இடம் அதேதான்.

ரைட்டர் அட்டவணை

இதுதான் அதிகம் பேரைப் படுத்துவது, அதனால் கொஞ்சம் விரிவாக.

உடனடி மருந்து: அட்டவணைக்குள் கர்சரை வைத்துக்கொண்டு மேலே டேபிள் மெனுவைத் திறங்கள், அதில் நம்பர் ரெகக்னிஷன் என்று இருக்கும், பக்கத்தில் டிக் இருந்தால் அதைத் தட்டி எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான். இனிமேல் 7/10 என்றால் 7/10தான். பழைய பதிப்புகளில் கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்தாலே இந்த வரி கிடைக்கும்.

இதையே நிரந்தரமாகச் செய்ய டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபிஸ் ரைட்டர், டேபிள் என்று போங்கள். அங்கே அட்டவணையில் உள்ளிடுவது பற்றி மூன்று டிக்குகள் இருக்கும். முதலாவது நம்பர் ரெகக்னிஷன், அது இருந்தால்தான் மற்ற இரண்டுக்கும் உயிர். இரண்டாவது நம்பர் ஃபார்மேட் ரெகக்னிஷன். மூன்றாவது அலைன்மென்ட், எண்ணாகத் தெரிந்ததையெல்லாம் வலது கீழ் மூலைக்குத் தள்ளுவது அதுதான்.

பலர் முதல் டிக்கை எடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள், தப்பில்லை. ஆனால் அட்டவணையில் எண்கள் எண்களாகவே இருக்க வேண்டும், கமாவும் தசமமும் தானாக ஒழுங்காக வர வேண்டும், தேதித் தொல்லை மட்டும் வேண்டாம் என்றால், முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எடுங்கள். அப்போது ரைட்டர் புதிதாக எந்த வடிவத்தையும் தானே ஊகிக்காது. கட்டத்துக்கு நீங்கள் ஏற்கனவே என்ன வடிவம் வைத்திருக்கிறீர்களோ அதற்குப் பொருந்துவதை மட்டும் ஏற்றுக்கொள்ளும், மற்றதை எழுத்தாக வைத்துவிடும். நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்த டிக்குகள் உங்கள் கணினியில் உங்கள் கணக்கில் சேமிக்கப்படுகிறவை, கோப்புக்குள் போவதில்லை. நீங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அழகாக அட்டவணை போட்டு, மீதியை நிரப்பச் சொல்லி இன்னொருவருக்கு அனுப்பினால், அவர் கணினியில் எண் அறிதல் இயங்கிக்கொண்டிருந்தால் அவர் அடிப்பது தேதியாகத்தான் ஆகும். பகிரப்போகும் கோப்பு என்றால் வடிவத்தைக் கட்டங்களிலேயே பதித்துவிடுங்கள்: அந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக், நம்பர் ஃபார்மேட், வகைப் பட்டியலில் டெக்ஸ்ட், ஓகே. எழுத்து என்று முத்திரை குத்தப்பட்ட கட்டத்தில் ரைட்டர் கை வைக்காது, இந்த முத்திரை கோப்போடு சேர்ந்தே பயணம் செய்யும்.

அப்புறம் இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது, அதிகம் பேர் சொல்வதில்லை. எதைத் தேதி என்று நினைக்கலாம் என்பதற்கு லிப்ரே ஆபிஸ் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்வேஜஸ் அண்ட் லொகேல்ஸ், ஜெனரல் என்று போனால் (முந்தைய பதிப்புகளில் லாங்வேஜ் செட்டிங்ஸ், லாங்வேஜஸ்) டேட் அக்செப்டன்ஸ் பேட்டர்ன்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். அமெரிக்க ஆங்கிலம் தேர்வாகியிருந்தால் அதில் இரண்டு அச்சுகள், நடுவில் அரைப்புள்ளி: முதலாவது எம்/டி/ஒய், அதாவது மாதம், நாள், வருடம் மூன்றும். இரண்டாவது எம்/டி, மாதமும் நாளும் மட்டும். என்னுடைய 7/10-ஐ விழுங்கியது அந்த இரண்டாவது அச்சு. அதை மட்டும் அழித்துவிட்டு ஓகே கொடுத்தால், 7/10/2024 என்று முழுதாக அடிக்கும்போது தேதியாக எடுத்துக்கொள்ளும், வெறும் 7/10 எழுத்தாகவே நிற்கும். வேறு மொழி தேர்வாகியிருந்தால் அச்சுகளின் வரிசை வேறாக இருக்கும், அதில் இரண்டே துண்டு உள்ளதைத் தேடி எடுங்கள். இந்த மாற்றம் லிப்ரே ஆபிஸின் விரிதாளான கால்க்குக்கும் சேர்த்துத்தான், அங்கேயும் பெரும்பாலும் நல்லதுக்குத்தான்.

ஒன்று மட்டும் இதற்கு அடங்காது. வருடம் முதலில் வருகிற 2024-07-10 மாதிரியான எழுத்தை, பட்டியலில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேதியாகத்தான் லிப்ரே ஆபிஸ் எடுத்துக்கொள்ளும். அது ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம், அதற்குத் தனி மரியாதை. உங்கள் கோப்பு எண்களோ பொருள் எண்களோ அந்தத் தோற்றத்தில் இருந்தால் எழுத்து முத்திரைதான் வழி.

முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். அது எக்செல், கால்க் மாதிரி விரிதாள்களில் செய்கிற வித்தை. ரைட்டர் அட்டவணையில் அந்தக் குறி குறியாகவே அச்சில் வந்து நிற்கும்.

ஏற்கனவே கெட்டுப்போன அட்டவணையை என்ன செய்வது

இப்போதுதான் மாறியது என்றால் சுவிட்சை அணைத்துவிட்டு அந்தக் கட்டத்துக்கு டெக்ஸ்ட் வடிவம் கொடுத்து மறுபடி அடியுங்கள், ஒன்றிரண்டுக்கு அதுவே வேகம். நாற்பது வரி என்றால் யாருக்குப் பொறுமை. நான் செய்தது இது: முதலில் எண் அறிதலை அணைத்தேன். பிறகு டேபிள் மெனுவில் கன்வெர்ட், டேபிள் டு டெக்ஸ்ட், பிரிப்பான் டேப். அட்டவணை கலைந்து சாதாரண வரிகளாகிவிடும், 07/10/24 எல்லாம் வெறும் எழுத்தாகிவிடும். அப்புறம் கன்ட்ரோல் + எச், தேட வேண்டியது /24, மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. வருடம் கழன்றது. முன்னால் ஒட்டிக்கொண்ட பூஜ்யங்களை இன்னொரு சுற்றில் எடுத்துவிட்டு, மறுபடி கன்வெர்ட், டெக்ஸ்ட் டு டேபிள். ஐந்து நிமிட வேலை.

"ரீப்ளேஸ் ஆல்" அழுத்துவதற்கு முன் ஒரு நொடி யோசியுங்கள். தேர்வு 24 மதிப்பெண்ணுக்கு என்று வைத்துக்கொண்டால், 12/24 என்பது 12/24/24 ஆகியிருக்கும், மாற்றினால் இரண்டும் சேர்ந்து போய்விடும், 12 மட்டும் மிஞ்சும். கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துவிட்டு இந்த வேலையில் இறங்குவது நல்லது.

தானாக மாறிக்கொண்டே இருக்கும் தேதி

இது வேறு விதமான வில்லங்கம். கண்ணுக்கு எதுவும் தவறாகத் தெரியாது, அதுதான் இதில் ஆபத்து. ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி வேண்டும் என்று இரண்டு வருடம் கழித்துக் கேட்டார்கள், பழைய வேர்டு கோப்பைத் திறந்து அச்செடுத்துக் கொடுத்தேன், மேசையில் இருந்தவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு "இது இன்னைக்குத் தேதி போட்டிருக்கே" என்றார். இரண்டு வருடத்துக்கு முன் அனுப்பியதற்கு ஆதாரமாக நான் நீட்டிய தாளில் அன்றைய தேதி.

காரணம், இன்சர்ட் மெனுவில் டேட் அண்ட் டைம் பெட்டியைத் திறந்து தேதியைச் செருகும்போது கீழே அப்டேட் ஆட்டோமேட்டிக்கலி என்று ஒரு டிக் இருக்கிறது. அது இருந்தால் வேர்டு உங்களுக்குத் தேதியை எழுதித் தருவதில்லை, "இன்று என்ன தேதியோ அதைக் காட்டு" என்ற கட்டளையை வைத்துவிட்டுப் போகிறது. அடுத்த முறை செருகும்போது அந்த டிக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு வாசல் இருக்கிறது. வேர்டில் ஆல்ட் + ஷிஃப்ட் + D (டேட் என்பதன் முதல் எழுத்து) என்பது தேதி ஃபீல்டைச் செருகும் குறுக்குவழி, D-க்குப் பதில் T விசை (டைம் என்பதன் முதல் எழுத்து) என்றால் நேரம். விண்டோஸில் விசைப்பலகை மொழியை மாற்ற ஆல்ட் + ஷிஃப்ட் பயன்படுத்துகிறவர்கள், அந்த இரண்டையும் விடுவதற்கு முன் அடுத்த எழுத்தை வேகமாகத் தட்டிவிட்டால், வரிக்கு நடுவில் திடீரென்று இன்றைய தேதி முளைக்கும். வைரஸா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். கன்ட்ரோல் + இசட் அடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஏற்கனவே ஃபீல்டாக இருப்பதைச் சாதாரண எழுத்தாக்க, அதன் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்9. கட்டளை போய்விடும், அப்போது தெரிகிற தேதி அப்படியே எழுத்தாக உறைந்துவிடும். மடிக்கணினியில் மேல்வரிசை விசைகள் ஒலி, வெளிச்சம் என்று வேறு வேலை பார்த்தால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டு இதை அடிக்கும் வேலை மட்டும் வேண்டாம். பொருளடக்கம், இணைய இணைப்புகள், படங்களின் எண்கள் எல்லாமே ஃபீல்டுகள்தான், எல்லாம் ஒரே அடியில் செத்த எழுத்தாகிவிடும், அடுத்த வாரம் பொருளடக்கம் ஏன் புதுப்பிக்க மாட்டேன் என்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

தற்காலிகமாக நிறுத்தினால் போதும், பிறகு மறுபடி ஓட வேண்டும் என்றால் கன்ட்ரோல் + எஃப்11 பூட்டும், அதோடு ஷிஃப்ட் சேர்த்தால் திறக்கும்.

சரி, பழைய தேதி போயே போய்விட்டதே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஒரு சின்ன வித்தை. கோப்பைத் திறந்ததும் எதையும் சேமிக்காதீர்கள், அதுதான் முக்கியம். ஆல்ட் + எஃப்9 அடித்தால் தேதி இருந்த இடத்தில் வளைந்த அடைப்புக்குள் கட்டளை தெரியும், அதன் முதல் சொல் ஆங்கிலத்தில் டேட் என்று இருக்கும். அந்தச் சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் சேவ் என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டி சேவ்டேட் ஆக்குங்கள், எஃப்9 அடியுங்கள், மறுபடி ஆல்ட் + எஃப்9. கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட தேதி வந்து நிற்கும். கடிதத்தை எழுதிச் சேமித்துவிட்டு அதற்குப் பிறகு தொடாமல் இருந்தால் அதுதான் உங்கள் உண்மையான தேதி. சேவ் என்பதற்குப் பதில் கிரியேட் என்று ஒட்டினால் கோப்பு உருவான தேதி. ஃபைல் மெனுவில் இன்ஃபோ பக்கத்திலும் இந்த இரண்டும் தெரியும், அதையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். என் விண்ணப்பத்தின் தேதியை நான் கடைசியில் மின்னஞ்சலில் போன பிடிஎஃப் இணைப்பில் இருந்துதான் நிரூபித்தேன், அது தனிக் கதை.

கடிதத்துக்கு என்று ஒரு டெம்ப்ளேட் வைத்திருந்து ஒவ்வொரு முறையும் அதிலிருந்து புதுக் கோப்பு திறக்கிறவர்கள், அதில் டேட் ஃபீல்டுக்குப் பதில் இந்தக் கிரியேட்டேட் ஃபீல்டைப் போட்டுவிடுங்கள். புதிய கடிதம் திறக்கும்போது அன்றைய தேதி தானாக வரும், அதன் பிறகு நாள் மாறினாலும் நகராது. தானியங்கித் தேதி வேண்டும் என்று நினைக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டியது இதுதான்.

ரைட்டரில் இது சுலபம். கன்ட்ரோல் + எஃப்2 அடித்தால் ஃபீல்டுகள் பெட்டி வரும், டாக்குமென்ட் தாவலில் டேட் வகையைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்தில் டேட் என்றும் டேட் (ஃபிக்ஸ்டு) என்றும் இரண்டு இருக்கும். ஃபிக்ஸ்டு என்றால் நகராது. ஏற்கனவே இருக்கும் ஃபீல்டை இருமுறை கிளிக் செய்தாலும் இதே தேர்வுகள் கிடைக்கும். முழுக்கவே எழுத்தாக வேண்டுமென்றால் வெட்டி எடுத்து கன்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + வி மூலம் வடிவமில்லாமல் ஒட்டிவிடுங்கள்.

கூகுள் டாக்ஸில் @ குறி அடித்து வருகிற தேதிச் சிப் இந்த வகையில் சாது. அதைத் தட்டினால் நாட்காட்டி திறக்கும், வடிவம் மாற்றலாம், ஆனால் நாள் போகப் போகத் தானாக நகராது.

அடிக்கும்போதே உருமாறுகிறவை

இவை சில்லறைத் தொல்லைகள், வேகமாகப் பார்த்துவிடலாம். வேர்டில் எல்லாமே ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ், அதில் ஆட்டோஃபார்மேட் ஆஸ் யூ டைப் என்ற தாவலில் இருக்கின்றன. மேக்கில் வேர்டு மெனுவின் பிரிஃபரன்சஸ் (புதியதில் செட்டிங்ஸ்) உள்ளே ஆட்டோகரெக்ட்.

ஏப்ரல் முதல் தேதியைச் சுருக்கமாக 1/4 என்று அடித்து இடைவெளி விட்டால் ¼ ஆகிவிடும். 1/2, 3/4 இரண்டுக்கும் இதே கதி, 5/4 அடித்தால் ஒன்றும் ஆகாது, அதனால்தான் இது எப்போது வரும் எப்போது வராது என்று பலருக்குப் பிடிபடுவதில்லை. ஃப்ராக்ஷன்ஸ் என்ற டிக்கை எடுங்கள். ஆங்கிலத் தேதியில் ஒன்று, இரண்டுக்குப் பின்னால் வரும் எழுத்துகள் மேலே ஏறிக் குட்டியாவதை நிறுத்த ஆர்டினல்ஸ் டிக்கை எடுங்கள். வரியின் தொடக்கத்தில் எண், புள்ளி, இடைவெளி என்று வந்தால், அதாவது "1. ஜனவரி" மாதிரி எழுதினால், அதைப் பட்டியலின் முதல் உருப்படி என்று நினைத்து உள்ளே தள்ளி எண் போட ஆரம்பித்துவிடும், அதற்கு ஆட்டோமேட்டிக் நம்பர்டு லிஸ்ட்ஸ்.

இதில் எதையும் நிரந்தரமாக அணைக்க மனமில்லை என்றால், மாறிய அடுத்த நொடியே கன்ட்ரோல் + இசட் ஒரு முறை. நீங்கள் அடித்தது போகாது, மென்பொருள் செய்த மாற்றம் மட்டும் பின்வாங்கும். நான் பட்டியல் விஷயத்தில் இப்படித்தான் சமாளிக்கிறேன், பத்தில் ஒன்பது முறை அந்த வசதி எனக்கு வேண்டியிருக்கிறது.

ஆங்கில மாதப் பெயரின் முதல் நான்கு எழுத்தை அடித்ததும் மேலே முழுப் பெயர் தெரிந்து, என்டர் அடித்தால் உள்ளே புகுந்துவிடுவது இன்னொன்று. அடுத்த வரிக்குப் போகலாம் என்று என்டர் அடிக்கும்போதுதான் எரிச்சல். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, எடிட்டிங் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஷோ ஆட்டோகம்ப்ளீட் சஜஷன்ஸ்.

எக்செலிலிருந்து வந்து சேர்கிறவை

வேர்டு அட்டவணைக்கு 7/10-ஐத் தேதியாக்கும் பழக்கம் கிடையாது. அங்கே தேதி தெரிந்தால் பெரும்பாலும் எக்செலில் அப்படி ஆகி, பிறகு ஒட்டப்பட்டது. எக்செல் தேதியை ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கும், 1900 ஜனவரி 1-க்கு 1 என்று தொடங்கி நாளுக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போகும். அதனால் தேதியான பிறகு அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றினால் 7/10 திரும்பி வராது, 45483 என்று ஏதோ ஒரு பெரிய எண் வரும் (அது 2024 ஜூலை 10). எழுத்து வடிவத்தை அடிக்கும் முன்பே கொடுத்திருக்க வேண்டும், அல்லது முன்னால் ஒற்றை மேற்கோள்.

இது நம்மை மாதிரி ஆட்களுக்கு மட்டும் நடப்பதில்லை. செப்ட்1, மார்ச்1 என்றெல்லாம் சுருக்கப் பெயர் கொண்ட மனித மரபணுக்கள் இருந்தன, விஞ்ஞானிகள் அவற்றை எக்செலில் அடித்தபோது செப்டம்பர் 1, மார்ச் 1 ஆகிவிட்டன. எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருப்பதாக 2016-இல் ஜீனோம் பயாலஜி இதழில் ஓர் ஆய்வு வந்தது. கடைசியில் 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு தன் வழிகாட்டுதலில் பெயர்களையே மாற்றியது, செப்ட்1 இப்போது செப்டின்1. மென்பொருளை மாற்றுவதைவிட மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது! 2023-இல்தான் எக்செலில் ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வெர்ஷன் என்ற பகுதி வந்தது, ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் எழுத்தும் எண்ணும் சேர்ந்ததைத் தேதியாக்கும் டிக்கை அங்கே எடுத்துவிடலாம். அந்த டிக் செப்ட்1 மாதிரி எழுத்து கலந்தவற்றுக்குத்தான், 7/10-க்கு மேலே சொன்ன பழைய வழிகளே.

மெயில் மெர்ஜ், அதாவது எக்செல் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் வேர்டில் ஒரு கடிதம் தயாரிக்கும் வேலை, செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. எக்செலில் நாள் முதலில் வருமாறு 04/03/2024 என்று அழகாகத் தெரியும் மார்ச் 4, வேர்டு கடிதத்தில் 3/4/2024 என்று மாதம் முதலில் வந்து நிற்கும். எக்செல் பக்கம் எத்தனை முறை வடிவத்தை மாற்றினாலும் பயன் இல்லை, ஏனென்றால் வேர்டுக்கு வந்து சேருவது வடிவம் கழன்ற மதிப்பு. கடிதத்தில் ஆல்ட் + எஃப்9 அடித்து, அந்த மெர்ஜ்ஃபீல்டு கட்டளையின் கடைசியில், மூடும் அடைப்புக்கு முன்னால், ஓர் இடைவெளி விட்டு \@ என்று போட்டு, இரட்டை மேற்கோளுக்குள் வடிவத்தை ஆங்கில எழுத்துகளில் கொடுங்கள்: நாளுக்கு சின்ன டி இரண்டு, சாய்கோடு, மாதத்துக்குப் பெரிய எம் இரண்டு, சாய்கோடு, வருடத்துக்கு சின்ன ஒய் நான்கு. எம் மட்டும் கட்டாயம் பெரிய எழுத்து. சின்ன எம் என்றால் வேர்டுக்கு அது நிமிடம், கடிதம் முழுக்க 04/00/2024 என்று வரும். நான் அப்படி அச்செடுத்திருக்கிறேன், முந்நூறு தாள்.